காய்ந்த கார்டிசெப்ஸ்: அசலா, போலியா, விற்றால் என்ன தேறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சீன மருந்துச் சரக்கு விற்கும் கடையொன்றில் கணக்கு பார்க்கிறேன். கடையில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான் என்பதால், தெரிந்தவர்கள் எல்லாரும் கார்டிசெப்ஸ் பெட்டியைப் படம் எடுத்து எனக்குத்தான் அனுப்புகிறார்கள். சீன முதலாளி கொடுத்த அன்பளிப்பு, இமயமலைக்குப் போனவர் வாங்கி வந்த பொட்டலம், ஊரில் யாரோ விற்ற பொடி என்று சரக்கு மாறுமே தவிர, கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

அண்ணா, முதலில் இது புழுவா, செடியா, காளானா?

புழுவைத் தின்று வளர்ந்த காளான். திபெத் பீடபூமியிலும் அதை ஒட்டிய நேபாளம், பூட்டான், உத்தராகண்ட், சிக்கிம் மலைகளிலும், சுமார் 3000 மீட்டருக்கு மேலே உள்ள புல்வெளிகளில் ஒருவகை அந்துப்பூச்சியின் புழு மண்ணுக்குள் வாழ்கிறது. அதன் உடம்பில் ஓபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ் என்ற பூஞ்சை புகுந்து, உள்ளே இருப்பதையெல்லாம் தின்று, தோலை மட்டும் உறை மாதிரி விட்டுவைக்கும். பனி உருகியதும் புழுவின் தலையிலிருந்து ஒரு பழுப்புத் தண்டு மண்ணுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். மே, ஜூன் மாதங்களில் மலைவாசிகள் முழங்காலிட்டுத் தேடி, ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது இதைத்தான்.

நேபாளத்தில் யார்சாகும்பா, உத்தராகண்டில் கீடா ஜடி, சீனர்களிடம் தோங் சோங் சியா சாவ். எல்லாம் ஒரே சரக்குதான்.

எங்கள் டப்பாவிலும் ‘கார்டிசெப்ஸ்’ என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஆரஞ்சு நிறத்தில் நூல் நூலாக இருக்கிறதே?

அது கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ். தூரத்துச் சொந்தம், ஆனால் வேறு இனம். அரிசி போன்ற தானியத்தின் மேல் பாட்டிலில் வளர்க்கிறார்கள். சென்னையிலோ கோவையிலோ ‘கார்டிசெப்ஸ்’ என்று கிடைப்பதில் பெரும்பகுதி இதுதான். போலி என்று சொல்ல மாட்டேன். மிலிடாரிஸ் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் நேர்மையான பண்டம். இமயமலைப் புழுவின் விலையை இதற்குச் சொன்னால்தான் மோசடி. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் புழுவோடு சேர்ந்த அந்த விலை உயர்ந்த சரக்கைப் பற்றியவை.

கையில் எடுத்துப் பார்த்தவுடன் அசல் என்று தெரிந்துகொள்ள எதைப் பார்க்க வேண்டும்?

கால்களை. போலி செய்கிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். அசலில் எட்டு ஜோடிக் கால்கள் இருக்கும். தலைப்பக்கம் மூன்று ஜோடி சிறியவை, வால் நுனியில் ஒரு ஜோடி. நடு உடம்பில் இருக்கும் நான்கு ஜோடி மட்டும் தடித்துத் தெளிவாகத் தெரியும். புழுவை மல்லாத்தி, கைபேசி விளக்கை ஒரு பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். அந்த நான்கு ஜோடி கண்ணில் படவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை.

அடுத்து வளையங்கள். உடம்பைச் சுற்றி இருபது முதல் முப்பது வரை இருக்கும். தலைக்கு அருகில் நெருக்கமாகவும் மெல்லியதாகவும், போகப் போக அகலமாகவும் வரும். அச்சில் வார்த்ததில் எல்லா வளையமும் ஒரே அளவாக இருக்கும். இயற்கையில் அப்படி அமைவதில்லை. உடம்பு மஞ்சளிலிருந்து மஞ்சள் கலந்த பழுப்பு வரை, தலை மட்டும் செம்பழுப்பு. புழுவின் நீளம் 3 முதல் 5 சென்டிமீட்டர். தண்டு 4 முதல் 7. சீன அரசின் மருந்து நூலும் இந்த அளவுகளைத்தான் தருகிறது.

கடைசியாகத் தண்டு பிறக்கும் இடம். அது தலையிலிருந்து புறப்பட வேண்டும், தலையின் தோலோடு ஒன்றிப்போய் இருக்க வேண்டும். நடுவில் கோடு போட்டதுபோல் ஒரு பிரிவு தெரிந்தாலோ, பசை மினுமினுத்தாலோ ஒட்டியது. நிறமும் உதவும்: புழு வெளிர், தண்டு கருமை. இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார்கள். உடைத்தால் விலை போய்விடாதா?

அந்த ஒன்றின் விலை குறையும், உண்மைதான். ஆனால் ஒரு பெட்டிக்கு ஒன்றைப் பலி கொடுக்காமல் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது. நன்றாகக் காய்ந்த அசல் புழு ‘டக்’கென்று முறியும். முறிந்த இடம் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். நடுவில் கரும்பழுப்பாக ஒரு சின்ன வளைவு தெரியும். புழுவின் குடல் இருந்த இடம் அது. மாவில் அச்சு வார்க்கிறவன் இவ்வளவு தூரம் மெனக்கெடுவதில்லை. தண்டு மட்டும் அப்படி முறியாது, நார் நாராகப் பிய்யும்.

வளைகிறது, முறியவில்லை என்றால் ஈரம் ஏறியிருக்கிறது. முறித்த உள்பக்கம் பொள்ளலாக இருந்தால் பருவம் கடந்து தோண்டியது. தண்டு நீள நீளப் புழுவின் உள்ளே இருப்பது தீர்ந்துகொண்டே வரும். நீண்ட தண்டைப் பார்த்து ‘பெரிய சரக்கு’ என்று மகிழ்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியாபாரி பார்ப்பது புழுவின் பருமனையும் கெட்டித்தன்மையையும்தான்.

வெந்நீரில் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமாமே?

பாதி உண்மை. அசல் வெந்நீரில் கொஞ்சம் உப்பும், உருவம் குலையாது. தண்ணீர் தெளிவாகவே இருந்து வெளிர் மஞ்சளாக மாறும். மாவு, சுண்ணம் கலந்து வார்த்தது கலங்கும், கரையும், நிறம் விடும். ஆகவே கரைந்தால் போலி என்று தைரியமாகச் சொல்லலாம். கரையாததால் அசல் என்று சொல்ல முடியாது. வேறு இனப் புழுக் காளான்களும் கரையாது, எடை கூட்டக் கம்பி செருகிய அசல் புழுவும் கரையாது.

வாசனையும் அப்படித்தான். காளான் வாசத்தோடு லேசான மீன் வாடை அசலுக்கு உண்டு. கந்தக நெடி அடித்தால் நிறத்துக்காகப் புகை போட்டிருக்கலாம். வாசனையே இல்லையென்றால் யோசிக்க வேண்டும்.

போலியை எதைக் கொண்டு செய்கிறார்கள்?

மலிவான வழி, மாவையும் சுண்ணத்தையும் பிசைந்து அச்சில் அழுத்துவது. இன்னொன்று ஒரு கிழங்கு. புதினா, துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டாக்கிஸ் என்ற செடிக்கு மண்ணுக்குள் புழு மாதிரியே வளையம் வளையமாகச் சிறு கிழங்குகள் விளையும். காயவைத்தால் சட்டென்று ஏமாற்றிவிடும். கால் இல்லை, தலை இல்லை, தண்டு இல்லை, வளையங்களும் குறைவு. மேலே சொன்னபடி மல்லாத்திப் பார்த்தால் போதும்.

கொஞ்சம் கடினமானது, பூச்சிகளின் மேல் வளரும் வேறு காளான் இனங்கள். அவையும் புழு, அவையும் காளான். சீனாவிலேயே இப்படிச் சில இனங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கால்கள் தெளிவில்லாமல் இருப்பது, தண்டு மிக நீளமாக இருப்பது அல்லது தண்டே இல்லாமல் இருப்பது போன்றவற்றை வைத்துப் பழகிய கண் பிரித்துவிடும். படத்தைப் பார்த்துச் சொல்வது எனக்குப் பல சமயம் முடிவதில்லை.

புழு அசல்தான், ஆனாலும் ஏமாந்தோம் என்கிறாள் என் நாத்தனார். அது எப்படி?

இன்றைக்கு அதிகம் நடப்பது இதுதான். எடைக்கு விற்கும் பொருள், ஒரு கிராமுக்கே நல்ல காசு. அதனால் அசல் புழுவுக்குள் இரும்புக் கம்பித் துண்டைச் செருகுகிறார்கள். ஈயப் பொடியைத் தூவுகிறார்கள். படிகாரம் கரைத்த தண்ணீரிலோ உப்புத் தண்ணீரிலோ ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஈரத்தையாவது தங்கவைக்கிறார்கள்.

முறிந்தவற்றுக்கு விலை குறைவு என்பதால், இரண்டு துண்டுகளைப் பல்குத்தும் குச்சியாலோ பசையாலோ சேர்த்து முழுசாக்குவது இன்னொரு வழி. ஒரு புழுவின் வாலும் இன்னொரு புழுவின் தலையும் சேர்ந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். சேர்த்த இடத்தில் வளையங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. உப்பு, படிகாரம் ஏறியதில் மேலே வெள்ளை படிந்திருக்கும். நாக்கு நுனியில் வைத்தால் தெரிந்துவிடும் என்று பழையவர்கள் செய்வார்கள். அதைச் செய்யாதீர்கள். 1996இல் தைவான் மருத்துவர்கள், கார்டிசெப்ஸ் பொடி சாப்பிட்டு ஈய நஞ்சு ஏறிய இருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

அப்போ ஒரு காந்தம் வைத்துப் பார்த்தால் போதுமே?

இரும்புக் கம்பி இருந்தால் பிடிக்கும். ஈயத்தையும் குச்சியையும் காந்தம் பிடிக்காது. பெரிய அளவில் வாங்குகிறவர்கள் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கம்பியும் ஈயமும் அதில் பளிச்சென்று தெரியும். வீட்டில் செய்யக்கூடியது எடை போடுவதுதான். நல்ல புழு ஒன்று சுமார் 0.3 முதல் 0.5 கிராம் இருக்கும். ஒரே பருமனில் உள்ள பத்தைத் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். நகைத் தராசு சின்னதாக ஒன்று இருந்தால் போதும். ஒன்றிரண்டு மட்டும் கூடுதலாகக் கனத்தால் அவற்றை முறித்துப் பார்த்துவிடுங்கள்.

லேப் ரிப்போர்ட்டில் கார்டிசெபின் அதிகம் என்று போட்டிருக்கிறது சார். இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்த ரிப்போர்ட் உங்களுக்கு எதிரான சான்று. கார்டிசெபின் என்ற வேதிப்பொருள் நிறைய இருப்பது ஆரஞ்சு நிற மிலிடாரிஸில். இமயமலைப் புழுவில் அது இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. புழுப் பொடி என்று விற்றதில் கார்டிசெபின் கொட்டிக் கிடந்தால், அதில் மிலிடாரிஸ் கலந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சீன மருந்து நூல் கேட்பது அடினோசின் என்ற வேறொரு வேதிப்பொருள், குறைந்தது 0.010 சதவீதம். ஆனால் அடினோசின் பல காளான்களில் இருக்கிறது, வெளியிலிருந்து சேர்க்கவும் முடியும். இனத்தை உறுதி செய்ய டிஎன்ஏ சோதனைதான் வழி. அதோடு ஆர்செனிக், ஈயம் முதலிய கன உலோகச் சோதனையும் இருந்தால் அதை உருப்படியான ரிப்போர்ட் என்பேன். அந்தத் தாள் உங்கள் பெட்டியின் சரக்கு எண்ணுக்கு உரியதா என்றும் பாருங்கள். ஒரே ரிப்போர்ட்டைப் பத்துப் பேர் நகலெடுத்து ஒட்டுவது சாதாரணம்.

பொடியாகவோ கேப்சூலாகவோ வாங்கினால் எப்படிச் சோதிப்பது?

வீட்டில் முடியாது. பல கேப்சூல்களில் இருப்பது தொட்டியில் வளர்த்த பூஞ்சை இழைதான். அது சட்டப்படி விற்கும் பொருளாகவே இருக்கலாம், ஆனால் புழுவின் விலைக்கு அது ஈடில்லை. திருப்பி விற்கும் எண்ணம் இருந்தால் பொடிப் பக்கமே போகாதீர்கள்.

‘நாக்சூ சரக்கு’ என்று இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

திபெத்தின் நாக்சூவும் சிங்காய் மாகாணத்தின் யூஷூவும் சந்தையில் பெரிய பெயர்கள். அந்தப் பகுதிச் சரக்கு பருத்து, மஞ்சளாக இருக்கும் என்று விரும்புகிறார்கள். ஆனால் வேறு ஊர்ச் சரக்கிலும் பருத்தவற்றைப் பொறுக்கி எடுத்தால் அதே தோற்றம் வந்துவிடும். சிங்காயின் தலைநகரான சினிங்தான் இந்த வியாபாரத்தின் பெரிய சந்தை. பல மலைகளின் சரக்கு அங்கே வந்து சேர்ந்து, தரம் பிரிந்து, வேறு பெட்டியில் ஏறுகிறது. பெட்டியில் அச்சடித்த ஊர்ப் பெயருக்காக நான் ஒரு காசு கூடக் கொடுக்க மாட்டேன். பூட்டானில் 2004இலிருந்து சட்டப்படி சேகரிக்கலாம், ஏலம் விட்டு விற்கிறார்கள். அந்த வழியில் வந்ததற்கு ஏலத் தாள் இருக்கும். ஊர் என்று நம்பினால் அந்தமாதிரித் தாளைத்தான் நம்ப வேண்டும்.

விலையை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? ஒரே கடையில் பத்து விலை இருக்கிறதே?

ஒரு கிலோவுக்கு எத்தனை புழு என்பதுதான் அடிப்படை. கிலோவுக்கு 2000 என்றால் ஒவ்வொன்றும் அரை கிராம், உயர்ந்த தரம். 3000, 4000, 5000 என்று எண்ணிக்கை ஏற ஏற விலை இறங்கும். அதற்குப் பிறகு முழுசானதா முறிந்ததா, கெட்டியா பொள்ளலா, எவ்வளவு காய்ந்தது என்று பார்ப்பார்கள்.

சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் கடைகளில் தாயல் கணக்கு. ஒரு தாயல் சுமார் 37.5 கிராம். அதில் 75 புழு இருந்தால் கிலோவுக்கு 2000 தரம். 150 இருந்தால் 4000 தரம். வீட்டுப் பெட்டியை எண்ணி, நிறுத்து, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்ணிக்கை எழுதாமல் ‘சூப்பர் கிரேடு’, ‘கிங் கிரேடு’ என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. தாயலைச் சீனத்தில் லியாங் என்பார்கள், ஆனால் சீனப் பெருநிலத்தில் ஒரு லியாங் 50 கிராம். சீன இணையக் கடையின் லியாங் விலையையும் இங்கத்திய தாயல் விலையையும் நேராக ஒப்பிட்டு, ‘இங்கே மலிவு’ என்று வாங்கினவர்கள் உண்டு.

தங்கத்தைவிட விலை அதிகம் என்கிறார்களே. வாங்கிப் பூட்டி வைத்தால் ஏறுமா?

உயர்ந்த தரம் சில காலம் தங்கத்தின் எடை விலையைத் தாண்டியது உண்மை. 1993இல் ஷ்டுட்கார்ட் உலகத் தடகளப் போட்டியில் சீனப் பெண் ஓட்டக்காரர்கள் அள்ளிக் குவித்தபோது, அவர்களின் பயிற்சியாளர் மா ஜுன்ரென் இதைத்தான் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார். பெயர் உலகெங்கும் பரவியது. அந்த ஓட்டங்களின் மேல் ஊக்கமருந்துச் சந்தேகம் பிறகு பலமாக எழுந்தது வேறு கதை. விலையைத் தூக்கி நிறுத்தியது நோயாளிகள் அல்ல, அதிகாரிகளுக்கும் முதலாளிகளுக்கும் கொடுக்கும் அன்பளிப்புகள். 2012க்குப் பிறகு சீன அரசு ஊழலுக்கு எதிராக இறங்கியதும் அந்தக் கிராக்கி தளர்ந்தது.

தங்கம் பழசானால் கெடாது. உரைத்துப் பார்க்க எந்த ஊரிலும் ஆள் உண்டு. இதற்கு இரண்டுமே இல்லை. சேமிப்பாக வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

பிரிக்காத பெட்டி வைத்திருக்கிறேன். திருப்பி விற்றால் எவ்வளவு வரும்?

வாங்கின விலையை மறந்துவிடுங்கள். அதில் கடை வாடகை, மரப்பெட்டி, பட்டுத்துணி, பெயர் எல்லாம் சேர்ந்திருக்கிறது. வாங்குகிறவர் மொத்த விலைக்கும் கீழே ஒரு தொகையிலிருந்துதான் தொடங்குவார். வாயில் போடும் பொருள் என்பதால் நல்ல கடைகள் பெரும்பாலும் வெளியாளிடம் வாங்குவதே இல்லை. சில்லறை விலையில் பாதி கிடைத்தால் சந்தோஷப்படலாம்.

சீன நகரங்களில் சிகரெட், மது, கார்டிசெப்ஸ் என்று அன்பளிப்புப் பொருள்களை வாங்கிக்கொள்ளும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே பெட்டி கை மாறிக்கொண்டே இருக்கும். போலி உள்ளே நுழைவதற்கும் அதுவே நல்ல வாசல். அதனால்தான் ‘சீல் உடைக்காதது’ என்பதற்கு அனுபவசாலிகள் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. ரசீது இருந்தால், வாங்கிய கடையிடமே முதலில் கேளுங்கள். இல்லையென்றால் உபயோகிக்கிற தெரிந்த குடும்பத்துக்கு, முறித்துக் காட்டி விற்பதுதான் மரியாதையான வழி.

முன்சியாரிக்கு மலையேறப் போனபோது ஒரு கிராமத்தில் கொஞ்சம் வாங்கி வந்தேன். சென்னையில் யாரிடம் விற்கலாம்?

சரக்கு அசலாகவே இருக்கும், அந்தப் பித்தோராகட் மாவட்டம் கீடா ஜடிக்குப் பேர்போனது. சிக்கல் சட்டத்தில். உத்தராகண்டில் உள்ளூர்க்காரர்கள் வனப் பஞ்சாயத்து, வனத்துறை வழியாகப் பதிவு செய்துதான் சேகரிக்க வேண்டும். விற்பனைக்கும் போக்குவரத்துக்கும் அனுமதித் தாள் வேண்டும். தாள் இல்லாமல் கொண்டுபோகிறவர்கள் பிடிபடுவது அங்கே அடிக்கடி வரும் செய்தி. தாள் இல்லாத சரக்கைச் சென்னையில் விலை பேசுகிறவர் அந்த ஆபத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். நாடு தாண்டிக் கொண்டுபோவது இன்னும் பெரிய வம்பு. இந்தியாவில் விற்கும் விலையைச் சிங்கப்பூர் விலையோடு ஒப்பிட்டுக் கனவு காண வேண்டாம்.

ஒன்று தெரிந்திருக்கட்டும்: 2020இல் ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் இந்த இனம் அழியும் அபாயத்துக்கு ஆளாகக்கூடியது என்று சேர்க்கப்பட்டது.

பண்ணையில் வளர்த்த புழு வந்துவிட்டதாமே? அது அசலா போலியா?

அசல் இனம், அசல் புழு, ஆனால் காட்டில் தோண்டியது அல்ல. நெடுங்காலம் முடியாமல் இருந்ததை, கடந்த பத்து ஆண்டுகளில் சீன நிறுவனங்கள் பெரிய அளவில் செய்து காட்டிவிட்டன. மேலே சொன்ன கால், வளையம், முறிவு, டிஎன்ஏ என எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். பெரும்பாலும் மண் படியாமல் துடைத்ததுபோல் சுத்தமாக, ஒரே அளவாக இருப்பதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். விலை குறைவு. காட்டுச் சரக்கு என்ற பெயருக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் எவ்வளவு நாள் நிற்கும் என்பது என் சந்தேகம்.

ஊரில் கார்டிசெப்ஸ் வளர்க்கப் பயிற்சி தருகிறார்களாம். விளைவதை அவர்களே வாங்கிக்கொள்வார்களாம். கிலோ லட்ச ரூபாய் என்கிறார்கள்?

அவர்கள் சொல்வது மிலிடாரிஸ், காட்டுவது இமயமலைப் புழுவின் விலை. திருப்பி வாங்கும் உறுதியை எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தரத்துக்கு, என்ன விலை, எத்தனை நாளில் பணம். பயிற்சிக் கட்டணம் முதலில், கொள்முதல் ‘பிறகு பேசலாம்’ என்றால் அவருடைய வியாபாரம் பயிற்சிதான்.

அம்மா காலமான பிறகு அலமாரியில் கிடைத்தது. பத்து வருஷமாவது இருக்கும். மதிப்பு உண்டா?

விற்பனை மதிப்பு கிட்டத்தட்ட இல்லை. நிறம் மங்கி, வாசனை போயிருக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு குளிர்பெட்டியில் வைத்ததாக இருந்தால் ஓரிரு ஆண்டு தாங்கும். அதற்கு மேல் போனால் வியாபாரி வாங்கத் தயங்குவார். அடியில் பொடி உதிர்ந்திருந்தால் பூச்சி. பச்சையாகவோ கருப்பாகவோ புள்ளி இருந்தால் பூசணம், தூக்கிப் போடுங்கள்.

விற்க முடியாவிட்டால் சூப்பில் போட்டுச் சாப்பிட்டுவிடலாமா?

சீன வீடுகளில் கோழி, வாத்தோடு வேகவைப்பது வழக்கம்தான். ஆனால் 2016 பிப்ரவரியில் சீன உணவு மருந்துத் துறை, சோதித்த கார்டிசெப்ஸ் சரக்குகளில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் ஆர்செனிக் இருந்ததாக எச்சரித்தது. சத்துணவுப் பொருளுக்கான வரம்பு 1 மில்லிகிராம். அதோடு இதைச் சத்துணவில் சேர்க்கும் சோதனைத் திட்டத்தையும் நிறுத்தியது. ஆகவே தினமும் மாதக் கணக்கில் சாப்பிடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்கள் எப்போதாவது நாலைந்து புழு போடுவதானால், பானையில் இடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டாக முறித்துப் பாருங்கள். எப்படியும் விற்கப் போவதில்லை, உள்ளே கம்பி இருந்தால் அப்போதாவது தெரியும்.